எங்க ஊரு ஆமா

செஞ்சியில் யாரைப் பார்த்தும் சும்மா இரண்டு புருவத்தையும் தூக்கிவிட்டுப் போய்விட முடியாது. தெரிந்தவர்கள் தூக்கினால் 'இன்னா விஷயம்?' என்று அர்த்தம். தெரியாதவர்கள் தூக்கினால் 'இன்னாடா?' என்று அர்த்தம். இதற்காகவே பஸ் ஸ்டாண்டில் இரண்டு காலேஜ் பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். என் அம்மா பிறந்த ஊரில் அதே புருவத்துக்கு 'ஆமாம்' என்று அர்த்தம். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு தூக்கு, கூட வருகிறாயா என்று கேட்டால் ஒரு தூக்கு. வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

அம்மா பிலிப்பைன்ஸ்காரி. நைனா துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பியூட்டி பார்லரில் அம்மா வேலை பார்த்தாள். பார்லர் ஏசி அடிக்கடி ரிப்பேர் ஆனது என்று நைனா சொல்வார். அவர்தான் ரிப்பேர் பண்ணி வைத்திருப்பார் என்று அவருடைய அக்கா, என் அத்தை, சொல்வாள். எப்படியோ கல்யாணம் நடந்து, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் செஞ்சிக்கு வந்தார்கள். கூட்ரோடு பக்கம் நைனா ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை போட்டார். அம்மா அத்தையிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு 'என்ன' தெரியாது, 'இன்னா'தான் தெரியும். அவள் பாஷையில் அவன், அவள் என்று தனித்தனியாகக் கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே இன்றுவரை நைனா வந்தால் "அவ வந்துட்டா" என்பாள், மகளான நான் தூங்கினால் "அவன் தூங்குறான்" என்பாள். 'ஃபேன்' வராமல் 'பேன்' என்று சொல்வதில் மட்டும் அவளும் எங்கள் தெருவும் ஒரே கட்சி.

தெருவில் அவளைச் சைனாக்காரி என்பார்கள். திட்டுவதற்காக இல்லை, அடையாளத்துக்காக. 'சைனாக்காரி வூட்டுக்கு எதிர்ல' என்று கேஸ் சிலிண்டர்காரருக்கு வழி சொல்வார்கள். கொரோனா வந்தபோது ரேஷன் கடை வரிசையில் எங்கள் முன்னாலும் பின்னாலும் மட்டும் நன்றாக இடைவெளி விட்டார்கள். அம்மா அதற்கும் சிரித்தாள். "பாரு, நமக்கு நெறைய எடம்" என்றாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆம், அவளைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மெருகு போட்டுச் சொல்ல எனக்கு வராது. மாங்காயை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் கையால் காட்டமாட்டாள், உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவாள். அங்கே அப்படித்தான் வழி காட்டுவார்களாம். இங்கே அது அலட்சியம். வந்த புதிதில் அத்தை பல மாதம் அவளோடு சரியாகப் பேசவே இல்லை, "ஏதாவது கேட்டா ஒதட்ட சுழிக்கிறா தம்பி" என்று நைனாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நைனாவுக்குக் கடையில் வேலை, அம்மா வந்தாள். "பொண்ணு வீட்டுல படிக்கிறாளா?" என்று டீச்சர் கேட்டார். அம்மா சிரித்த முகத்தோடு புருவத்தைத் தூக்கினாள். டீச்சர் இன்னும் சத்தமாகக் கேட்டார். அம்மா இன்னும் உயரமாகத் தூக்கினாள். "இன்னாங்க, நான் கேட்டா நீங்க என்னைக் கேக்குறீங்க?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் வரும்போதெல்லாம் பின்பெஞ்சு முழுக்கப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். "இனிமே அப்படி மூஞ்சியத் தூக்காத. வாயத் தொறந்து ஆமான்னு சொல்லு. நீ வந்தாலே மானம் போவுது." அம்மா "சரி" என்றாள். அதன் பிறகு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, நாம் செய்வதுபோலத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பழகினாள். முதலில் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது போல இருந்தது, பிறகு நன்றாகவே வந்துவிட்டது. அவள் புருவம் படிந்துவிட்டது. நான் அதை ஒரு வெற்றியாகவே நினைத்தேன்.

என் முகத்தை யாரும் பழக்க முடியவில்லை. அது அம்மாவுடையது. காலேஜ் சேர்ந்த புதிதில் தோழிகளோடு கோட்டைக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே தனி டிக்கெட். கவுன்ட்டரில் இருந்தவர் என்னை மட்டும் நிறுத்தி, "ஃபாரினர்?" என்று மரியாதையாகக் கேட்டார். "இன்னாண்ணா, கூட்ரோடு ஃப்ரிட்ஜ் கடைக்காரு பொண்ணுண்ணா" என்றேன். அவரே சிரித்துவிட்டார். ஆனாலும் ஆதார் கேட்டார், அவர் வேலை அது. தோழிகள் ராஜகிரி உச்சிக்குப் போகிறவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறந்ததிலிருந்து என் ஜன்னலில் தெரிகிற மலைக்கு நான் அத்தாட்சி காட்டி ஏறினேன். அன்றிலிருந்து ஆதார் இல்லாமல் வெளியே போவதில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஒன்றரை வருடம் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு ஒரு பொங்கல் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. காதல் தோல்வி கிடையாது. வேலையில் யாரும் திட்டவும் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பது ஒரு பெரிய காரியமாகிவிட்டது. அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வரவில்லை. குளிக்காமல், தலை சீவாமல், பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதற்கு இருந்த சுறுசுறுப்பு எனக்கு இல்லை.

வீட்டில் இதற்கு டென்ஷன் என்று பெயர் வைத்தார்கள். "சென்னையில டென்ஷன் ஆயிட்டா" என்று நைனா கடையில் சொல்லிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் யாராவது "பொண்ணுக்கு இன்னா, படுத்தே கெடக்குது?" என்று கேட்டால் அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உள்ளே படுத்திருந்தபடியே எனக்குக் கேட்கும். ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன். "உனக்கு எல்லாமே சிரிப்புதானா?" அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஹியா" என்றாள்.

அது அவள் பாஷைச் சொல். வெட்கம் என்று சொல்லலாம், ஆனால் நம்முடைய வெட்கத்தைவிட அதற்கு இடம் அதிகம். அடுத்தவர் முன்னால் நம் முகம் கெட்டுவிடக் கூடாது, நம்மால் அடுத்தவர் முகமும் வாடக் கூடாது, ஆகவே சிரித்துவிட வேண்டும். எங்கள் தெருவில் இதையே 'நாலு பேரு இன்னா சொல்லுவாங்க' என்பார்கள். சிலருக்கு அம்மா வழியில் நகை வரும், அப்பா வழியில் நிலம் வரும். எனக்கு இரண்டு வழியிலும் வெட்கம் வந்தது.

அம்மாவோடு பிறந்தவர்கள் யாரும் அவர்கள் ஊரில் இல்லை. ஒருத்தி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள், ஒருத்தி சவுதியில் நர்ஸ், கடைசித் தங்கை ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒரே வீடியோ காலில் வருவார்கள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, எங்கள் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். கால் முடிந்த பிறகு அம்மா அணைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். அதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது என்ன என்று கேட்டதில்லை.

அத்தைக்கு என்மேல் உயிர். அவள் முடிவு என்னவென்றால் இது டென்ஷனும் இல்லை, ஒன்றும் இல்லை, காத்து கருப்பு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அங்காளம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுகூட எனக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. கூட்டத்தில் நசுங்கியதில் மனசு கொஞ்சம் லேசானது போலத்தான் இருந்தது. அதோடு திரும்பியிருக்கலாம். வழியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆளிடம் அத்தை என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் கோயில் பூசாரிகூட இல்லை, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். என் நெற்றியில் சாம்பலைப் பூசி, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "யார் நீ? எந்த ஊர்லருந்து வந்த? சொல்லு" என்று அதட்டினார்.

பேயைத்தான் கேட்டார். ஆனால் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிற கேள்வி அது. பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"செஞ்சி."

சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "பொய் சொல்லுது" என்றாள் பின்னால் ஒரு அம்மா. அந்த ஆள் மறுபடி கேட்டார், நான் மறுபடியும் செஞ்சி என்றேன். பேய் பிடிவாதம் பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. வேப்பிலையால் அடித்தார். வலிக்கவில்லை. கூட்டத்துக்குள் அம்மா நின்றிருந்தாள், ஜெபமாலையைப் பைக்குள்ளேயே பிடித்திருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்து கூட்டத்தின் நடுவில் அவள் சிரிக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் ஹாங்காங் சித்தி என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா "டயர்ட், டயர்ட்" என்று தட்டிக்கழித்தாள், பிறகு போனை என் பக்கம் திருப்பினாள். சித்தி என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். மற்றவர்கள் எல்லாம் போன பிறகு அவள் மட்டும் மறுபடி கூப்பிட்டு அம்மாவோடு பேசினாள். எனக்கு அந்தப் பாஷை பாதிதான் புரியும். சித்தியும் இதே மாதிரி கிடந்திருக்கிறாள், டாக்டரிடம் போயிருக்கிறாள், இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பிறகு அம்மா சொன்னாள். அம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். சித்தி வாராவாரம் அத்தனை சிரிப்பு சிரித்திருக்கிறாள்.

நைனாவிடம் அம்மா சொன்னது இரண்டே வார்த்தை. "டாக்டர். நாளைக்கு."

நைனா செஞ்சியிலோ திண்டிவனத்திலோ யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விழுப்புரம் போகலாம் என்றார். பக்கத்துக் கடைக்காரரிடம் கம்ப்ரஸர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார், அத்தையும் கூட வந்தாள். டாக்டர் வீட்டு வாசலில் 'மனநல மருத்துவர்' என்று போர்டு இருந்தது. நைனா அதைப் படிக்காதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டே படியேறினார். நான் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தேன். உள்ளே பெஞ்சில் எங்கள் தெருமுனை பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்ப்ரஸர் வாங்க வந்தேன்" என்றார் நைனா.

"நான் மைதா விசாரிக்க வந்தேன்" என்றார் பேக்கரிக்காரர்.

பிறகு இரண்டு பேரும் எதிரெதிர் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. அவர் என்னிடம்தான் கேட்டார், பதில் எல்லாம் நைனாவும் அத்தையும்தான் சொன்னார்கள். சரியா தூங்குறியா? "தூங்குறாம்மா, அது மட்டும் நல்லா தூங்குறா" என்றாள் அத்தை. சாப்பாடு? "கொஞ்சமா சாப்புடுதுங்க" என்றார் நைனா. அம்மா கதவோரம் இருந்த ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தமிழைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்கள் என்பதால் வெளியிடங்களில் அவள் பேசுவதில்லை. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது நான்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். குரலைத் தாழ்த்தி, "உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார்.

தோன்றியது. பல வாரங்களாகத் தோன்றியது. அதை யாராவது கேட்பார்கள் என்றுகூட நினைத்ததில்லை. நைனா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அத்தை உட்கார்ந்திருக்கிறாள், இவர்களை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது. வாய் திறக்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னான்னு கேக்குதும்மா" என்றாள் அத்தை. "நீங்க கேட்டது அவளுக்குப் புரியல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அந்த மாதிரி பொண்ணு இல்லீங்க" என்றார் நைனா.

அத்தை ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கே விளங்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லையே. டாக்டர் வேறு மாதிரி கேட்பதற்கு வாயெடுத்தார். அப்போது கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவன் கேக்கல, டாக்டர்."

டாக்டர் திரும்பி, யார் அந்த அவன் என்று பார்த்தார். அம்மா எழுந்து நின்றிருந்தாள். மடியில் இருந்த பை கீழே விழுந்து கிடந்தது, எடுக்கவில்லை.

"அவன் கேக்கல. அவன் ஆமா சொல்றான்." என்னைக் காட்டினாள், உதட்டால். பிறகு, கண்ணாடி முன்னால் நின்று மறக்கப் பழகியிருந்த அதைச் செய்து காட்டினாள். இரண்டு புருவமும் மேலே போய், கீழே வந்தன. "இது இன்னா இல்ல. இது எங்க ஊரு ஆமா."

என் கை நெற்றிக்குப் போயிற்று. அங்கே தோல் இன்னும் மேலே இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் அம்மாவிடம் விளக்கம் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஆமாவாம்மா?" என்றார். இந்தத் தடவை தெரிந்தே தூக்கினேன். அவர் மெதுவாகத் தலையசைத்தார். நைனா குனிந்து, விழுந்து கிடந்த அம்மாவின் பையை எடுத்தார். எடுத்தவர் நிமிரவே இல்லை.

அவரையும் அத்தையையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு டாக்டர் வெகுநேரம் பேசினார். பிறகு நைனாவை மட்டும் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு என்னைத் தனியாக விடக் கூடாது என்று சொன்னார். மாத்திரை எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார். போகிறோம். கம்ப்ரஸர் பொய்யை நைனா இப்போது சொல்வதில்லை, பேக்கரிக்காரரோடு ஒரே பஸ்ஸில்கூடச் சில சமயம் போகிறோம். நன்றாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். குளிக்கிறேன். பல்லி போய்விட்டது, அல்லது நான் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. அத்தை மட்டும் அமாவாசை வந்தால் எனக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிறாள், வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அடுப்படியில் அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான் வேணாம்னு சொன்னப்புறம், டாக்டர்கிட்ட காட்டுறவரைக்கும், நீ அதை ஒரு தடவகூடப் பண்ணலையாம்மா?"

"இல்ல. ஹியா" என்றாள். பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடி ஒரு தடவ, ரொம்ப முக்கியம், பண்ணேன். நீ கொழந்த. இங்க வந்து ஒரு வருஷம். நான் உன்ன மாதிரியே படுத்தேன். குளிக்கல. நைனா வந்து கேட்டா, 'ஊருக்குப் போவணுமா?' நான் புருவம் தூக்கினேன்."

"நைனா இன்னா சொன்னாரு?"

"அவளும் புருவம் தூக்கினா. 'இன்னா?'ன்னு கேட்டா. நான் திருப்பித் தூக்கினேன். கோவம் வந்துச்சு அவளுக்கு. 'நான் கேட்டா நீ என்னக் கேக்குறியா'ன்னு வெளிய போயிட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்புறம் யாரும் கேக்கல."

அவள் ஊருக்கு அதற்குப் பிறகு போனதே இல்லை. அவள் அப்பா செத்ததற்கும் வீடியோ காலில்தான் அழுதாள். அழுதாள் என்றா சொன்னேன், இல்லை, அன்றைக்கும் எல்லோரும் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுடைய ரொம்ப முக்கியமான ஆமாவை நைனா கேள்வி என்று நினைத்தார். மிச்சம் இருந்ததை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் பிடுங்கிப் போட்டேன். எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் பார்க்காமல் கேட்டால் பிரயோஜனம் இல்லை, அவள் பதில் முகத்தில்தான் வரும். பார்த்தேன்.

"இப்ப? ஊருக்குப் போவணுமாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள், தலையை நம் ஊர்க்காரி மாதிரியே அழகாக இரண்டு பக்கமும் சாய்த்து. அத்தனை வருடப் பழக்கம். ஆனால் அதற்கு முன்னாலேயே, அவளுக்குத் தெரியாமல், புருவம் ஒரு தடவை மேலே போய் வந்துவிட்டது.

நைனா கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வாசலிலேயே அவரிடம் சொன்னேன். "அம்மாவுக்கு ஊருக்குப் போவணுமாம்." ஹெல்மெட்டைக் கழற்றியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அவளே சொன்னாளா?"

"சொன்னா, நைனா."

அவர் அடுப்படி வாசலில் போய் நின்றார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. "ஊருக்குப் போவணுமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. உள்ளேயிருந்து பதில் சத்தம் எதுவும் வரவில்லை. நைனாவும் இன்னா என்று கேட்கவில்லை.